படத்துக்காக வெள்ளையடித்த வீடு

ஒச்சம்மாள் வீட்டு முன்னால் கேமராவைத் தூக்கியவன் அப்படியே இறக்கிவிட்டேன். மூன்று நாள் முன்பு கை நுழையுமளவுக்குப் பிளந்து கிடந்த முன்சுவரில் விரிசலைக் காணோம். செம்மண் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பும் அடித்திருந்தாள். வாசலில் கோலம். கல்யாணப் பட்டில் அவளும், படிய வாரிய தலையோடு புருஷன் பொன்னழகும் நின்றிருந்தார்கள்.

நிலம் குலுங்கி ஆறு நாள். எங்கள் தெரு மொத்தமும் நத்தம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் படுத்திருக்கிறது. நான் மணமக்களை நிறுத்திப் படமெடுத்த மேடையில் இப்போது ஈரத்துணி காய்கிறது. சேதமான வீடுகளைப் படமெடுக்கும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் முன்னால் நிற்க வேண்டும், பின்னால் சேதம் தெரிய வேண்டும். தெரிந்தால் புதுவீட்டுப் பட்டியலில் பேர். இன்றோடு பட்டியல் முடிகிறது.

நான் தக்காளி மண்டியில் வளர்ந்தவன். அங்கே சொத்தையை அடியில் தள்ளி நல்லதை மேலே அடுக்குவோம். இங்கே சொத்தையைக் காட்டினால்தான் சரக்கு போணியாகும். இதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க?"

"படம் புடிக்க வாராகன்னு சொன்னாக. பொளந்த செவுத்தோட நின்னா நாலு பேரு என்ன நெனப்பாக, அப்பு?"

"சோத்துக்குக்கூட மண்டபத்துக்கு வரல தம்பி. ரெண்டு நாளா இங்கனயே கெடந்து பூசுனா," என்றார் பொன்னழகு.

என்னோடு பட்டியல் எழுத வந்திருந்த வி.ஏ.ஓ. மணிமாறன் சுவரை ஏறிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு. அடுத்த வீடு."

அவள் முகம் செத்துவிட்டது. "உள்ளுக்க வந்து பாருங்க சார், பின்செவுரு அம்புட்டும் விழுந்து கெடக்கு."

"உள்ள யாரும் போகக்கூடாதும்மா. படத்துல தெரியறதத்தான் நான் எழுத முடியும்."

என் நாக்கு சும்மா கிடக்குமா? "சார், பக்கத்து வீட்ல ரேஷன் கார்டு பாத்துட்டு வாங்க. அரை மணி நேரம்."

"பத்து நிமிஷம்."

இருபதில் படிந்தது. நல்ல வியாபாரம் என்று எனக்கே ஒரு மிதப்பு.

"பூச்ச மட்டும் உதுத்து விடுக்கா, போதும்."

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள். முதல் குத்தில் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. வெயிலில் மண் நன்றாக இறுகியிருந்தது. நாலாவது குத்தில் ஒரு கட்டி பெயர்ந்து, உள்ளிருந்த பழைய கல்லையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஓட்டையில் கொல்லைப்புறத்து ஆகாயம் தெரிந்தது.

"போதும்டி, தள்ளி வா!" என்றார் பொன்னழகு.

"ஒனக்கென்ன தெரியும்? நல்லாத் தெரியட்டும்." அழுதுகொண்டே குத்தினாள்.

ஓடு ஒன்று சரிந்து கோலத்தில் உடைந்தது. பொன்னழகு பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். உதறினாள். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து மணிமாறன் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கடப்பாரையைப் போட்டுவிட்டு, சுண்ணாம்பு அப்பிய முகத்தை முந்தானையால் துடைத்து, சுவரோடு முதுகை ஒட்டி நேராக நின்றாள்.

"இப்பத் தெரியுதா அப்பு? எடு, வெரசா எடு."

அவள் தலைக்கு மேலே, பிளவின் உச்சியிலிருந்து மண் நூலாக இறங்கி வகிட்டில் விழுந்துகொண்டிருந்தது.