வெள்ளிக்கிழமை நன்மை

பக்கவாதம் அம்மாவின் வலது பக்கத்தை எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் பேச்சையும் அள்ளிக்கொண்டு போனது. மிச்சம் வைத்தது ஒரே ஒரு சொல்: நன்மை. பூசையில் ஆண்டவரின் உடல் என்று நம்பிச் சாமியார் கையிலிருந்து வாங்கும் அந்த மெல்லிய வெள்ளை அப்பத்தை எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களில், பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவாள். வலிக்கிறதா என்றால் கண்ணை மூடுவாள். வேறு என்னம்மா வேண்டும் என்று கேட்டால் மட்டும் கோணிய உதட்டை இழுத்துப் பிடித்து அந்தச் சொல்லைச் சொல்வாள். பாதி எழுத்து காற்றாகத்தான் வரும். எனக்குப் புரியும். புரிந்து என்ன செய்ய? அவள் மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். சாப்பாடு அதன் வழியாகத்தான் போனது.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வந்து வாங்கி மடிக்கிற வேலை. விரல் நுனியில் ரேகையே கிடையாது. அந்தக் கையோடு சனிக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பீடத் துணிகளுக்கு இஸ்திரி போடுவாள். அதற்குச் சம்பளம் கிடையாது, சந்தோஷம் உண்டு. பங்கில் அவளுக்குப் பெயர் இஸ்திரி அம்மா. அவள் என்னைப் படிக்கவைத்து நான் டிகிரி வாங்கியதும் எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள், பட்டதாரி. பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். "என்ன பட்டதாரி, எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்பதற்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

பங்கு எங்களைக் கைவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் கொடுமை. ஞாயிறு மன்றாட்டில் அம்மாவுக்காக வேண்டினார்கள். திங்கட்கிழமை மரியாயின் சேனைப் பெண்கள் எங்கள் ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். நவநாள் செபம் முடிந்து வருகிறவர்கள் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்தார்கள். அன்பியம் என்கிற தெருச் செபக்குழுக்காரர்கள் வந்து நற்செய்தி வாசித்து, வாசித்ததன் பொருளை அம்மாவுக்கே விளக்கினார்கள். பாடகர் குழு ஜன்னல் ஓரமாக நின்று ஒரு பாட்டுப் பாடியது. ஆய்வுக்கூடத்தில் காலை முழுக்க ரத்தக் குப்பிகளைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மாவின் கட்டிலைச் சுற்றி யாராவது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். நான் அவர்களைத் தாண்டிப் போய் அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வேண்டும்.

எல்லாம் கொடுத்தார்கள். அவள் கேட்ட ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமி நற்கருணையை, அதாவது அந்த நன்மையை, எடுத்துக்கொண்டு காரில் நோயாளிகள் வீட்டுக்குப் போவார். எந்த வீடு, எந்த வரிசை என்பதை முன் சீட்டில் இருக்கும் மைக் அக்கா தீர்மானிப்பார். சேனைக்குத் தலைவி அவர். கோவிலில் மைக்கைக் கையில் எடுத்தால் பேட்டரி தீர்ந்தால்தான் கீழே வைப்பார் என்பதால் அந்தப் பெயர். அவரிடம் நான் கேட்டேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை அம்மாவுக்கும் நன்மை கொண்டுவரச் சொல்லுங்க."

"வாய் வழியா சாப்பிடுறாங்களா?"

"இல்ல. குழாய்லதான்."

"அப்போ எப்படிம்மா? குழாய்க்குள்ளயா ஆண்டவரை விட முடியும்? குணமாகட்டும். அதுக்குத்தானே செபம் பண்றோம்."

உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது அது. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கார் எங்கள் தெருவில் நுழையும். சத்தம் கேட்டதும் அம்மா இடது கையால் நெஞ்சின் மேல் கிடக்கும் போர்வையை நீவி நீவிச் சுருக்கம் எடுப்பாள். கார் எங்கள் வாசலைத் தாண்டி, கோடி வீட்டு கான்ட்ராக்டரின் மாமியாருக்கு நன்மை கொடுக்கப் போய்விடும். கை அப்படியே நின்றுபோகும்.

பிறகு ஒருவழியாகக் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வரும் நர்ஸ் எனக்குச் சோறூட்டப் பழக்கினாள். மாவு மாதிரி ஒரு பொடி. அதைத் தண்ணீரில் கலந்தால் தண்ணீர் கூழ் போல ஆகும். "தாடை நெஞ்சைத் தொடணும். நிமிர்ந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒரு கரண்டி, முழுங்கிட்டாங்களான்னு பார்த்துட்டு அடுத்த கரண்டி. உலர்ந்தது, ஒட்டுறது எதுவும் கூடாது. பிஸ்கட்டுகூட எமன்தான், பார்த்துக்கோ."

நான் நேராகக் கோவிலுக்குப் போனேன். பங்குச்சாமி பூசை உடையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. எப்போதும் அடுத்த இடத்துக்குப் போகும் அவசரத்திலேயே இருப்பவர்.

"ஃபாதர், அம்மாவுக்குக் குழாயை எடுத்தாச்சு. ஆனா முழு நன்மை கூடாது. ஒரு துணுக்கை உடைச்சு, கூழ்த் தண்ணியில வெச்சு, கரண்டியில குடுக்கணும். முடியுமா?"

"தாராளமா. ஒரு துணுக்குலயும் முழு ஆண்டவர்தான்ம்மா இருக்காரு."

"இதை மைக் அக்காகிட்டயும் சொல்லிடுங்க."

"யாருகிட்ட?" என்றவர், புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சொல்லிடுறேன்."

அந்த வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, தலையணை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைத்தேன். வீட்டில் வேறு மேசை இல்லாததால் அவளுடைய இஸ்திரிப் பலகையை இழுத்துப்போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். துணியின் ஒரு மூலையைக் காட்டி முனகினாள். சுருக்கம். மறுபடி இஸ்திரி போட்டேன். படுபாவி, அப்போதும் முகம் சுளித்தாள். நான் மடித்த எதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறும்.

கார் எங்கள் வாசலில் நின்றது. இறங்கியது மைக் அக்காவும் சேனைப் பெண்கள் சிலரும் மட்டும்.

"ஃபாதர் எங்கே?"

"திடீர்னு ஒரு அடக்கம் வந்திருச்சு, போயிட்டாரு. எனக்கும் நன்மை குடுக்க அனுமதி இருக்கே, தெரியாதா?" கழுத்தில் தொங்கிய சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார். அதில் ஆண்டவர் இருக்கிறார். அதனால் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், பாவமன்னிப்புச் செபம் சொன்னார்கள். அம்மாவின் கண் பெட்டியை விட்டு நகரவில்லை.

நான் கரண்டியை நீட்டினேன். "அக்கா, ஒரு துணுக்கு உடைச்சு இதுல வைங்க."

"இதென்ன, கஷாயமா? கரண்டியில குடுக்க."

"ஃபாதர்கிட்ட பேசியாச்சு. அவர் சரின்னாரு."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. உடைக்கிறது சாமியார் கைக்கு உள்ள வேலை. நான் உடைச்சு துகள் கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அம்மா தொண்டையில சிக்கினா யாரு பதில் சொல்றது?"

"ஆண்டவர் தொண்டையில சிக்குவாராடி? பட்டதாரி பேசுற பேச்சா இது?"

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நான் அவளைத் திரும்பி முறைத்த அந்த நேரத்தில் அம்மா தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். வாழ்நாளெல்லாம் செய்ததைச் செய்தாள். கண்ணை மூடி, முகத்தை நன்றாக அண்ணாந்து, நாக்கை நீட்டினாள். நர்ஸ் எதைச் செய்யக் கூடாது என்றாளோ அதை அப்படியே, பக்தியோடு.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் மைக் அக்கா. அம்மாவுக்கு ஆமென் வரவில்லை. "நன்மை" என்றாள்.

"அம்மா, தலையைக் குனி!" என்று நான் கத்தியபோது முழு அப்பமும் உள்ளே போயிருந்தது.

முதலில் சத்தமே இல்லை. தோள் மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்புறம் ஒரு இருமல், வயிற்றுக்கு அடியிலிருந்து. பாதி அப்பம் எச்சிலோடு போர்வையில் வந்து விழுந்தது. மீதி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் கறுத்தது.

அறையில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் முழந்தாளிட்டார்கள். அம்மாவுக்காக இல்லை, போர்வைக்காக.

"யாரும் அசையாதீங்க! தரையிலயும் விழுந்திருக்கும்!" மைக் அக்கா கையை அகல விரித்து என்னைத் தடுத்தார். "கால் வைக்காதே! மிதிச்சிடாதே!"

"எங்கம்மா சாகுறாங்கக்கா!"

"மிதிச்சிடாதேன்னு சொல்றேன்ல!"

தள்ளிவிட்டேன். அவர் இஸ்திரிப் பலகை மேல் சாய்ந்தார். மிதித்தேனா என்று தெரியாது, கவலையும் இல்லை. அம்மாவை முன்பக்கம் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தேன். வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். மூச்சு ஒரு கிரீச் சத்தத்தோடு திரும்பி வந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பிடிக்குள்ளிருந்தே இடது கையை நீட்டிப் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளும் அதைத்தான் தேடினாள். ரேகை தேய்ந்த அந்த விரல்களால் ஈரமான துணுக்கு ஒன்றைத் தொட்டாள். எடுத்து வாயில் வைக்கப் பார்த்தாள்.

"தொடாதீங்கம்மா, தொடாதீங்க" என்று மைக் அக்கா அதை அவள் விரலிலிருந்து துடைத்து எடுத்தார்.

என் விரலில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. தண்ணீர் டம்ளரில் எல்லாவற்றையும் கரைத்து, வெள்ளைத் துணியால் மூடினார்கள். தரையை மண்டியிட்டுத் தேடித் துடைத்தார்கள். பிறகு டம்ளரை ஏந்திக்கொண்டு வரிசையாக, தலைகுனிந்து வெளியே போனார்கள். எப்படி இருக்கிறாய் என்று கட்டிலில் கிடந்தவளை யாரும் கேட்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடிய ஒருத்தி அடுத்தவளிடம் சொன்னாள். "மனசுல ஏதோ குறை இருந்திருக்கும். ஆண்டவர் சும்மாவா திரும்பிப் போவாரு?"

மெதுவாகத்தான் சொன்னாள். எங்கள் அறை சின்னது. அம்மாவின் காது நன்றாகவே கேட்கும்.

அன்று மாலை கூழ்த் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். "அம்மா, இது தண்ணிம்மா. வெறும் தண்ணி." திறக்கவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன், உனக்காகப் படித்தேனே என்று தேவையில்லாததெல்லாம் பேசினேன். மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும் என்று ஒரு நொடி கையைக்கூடக் கொண்டுபோனேன். அடுத்த நாளும் அப்படியே. தொண்டை அடைத்திருந்தால் நான் விரலை விட்டு எடுத்துவிடுவேன். அவளோ தன்னை வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டாள். அதை எங்கே விரலை விட்டு எடுப்பது?

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமி ஓடிவந்தார். சட்டை நனைந்திருந்தது.

"சொல்ல மறந்துட்டேன்ம்மா. அடக்கத்துக்குப் போற அவசரத்துல... என் தப்பு."

"அதை அங்க சொல்லுங்க" என்று கட்டிலைக் காட்டினேன்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "இஸ்திரி அம்மா, என்னைப் பாருங்க. இதுல பாவமே இல்ல. ஒரு இருமலுக்கு ஆண்டவர் கோவிச்சுக்குவாரா? நீங்க தேய்ச்ச துணியிலதானே இத்தனை வருஷமா அவர் உட்கார்ந்திருக்காரு?"

நல்ல பேச்சுதான். வெள்ளிக்கிழமை பேசியிருக்க வேண்டிய பேச்சு. பெட்டியைத் திறந்து, அப்பத்தில் ஒரு துணுக்கை உடைத்து, நான் கலந்து வைத்திருந்த கூழ்த் தண்ணீரில் வைத்தார். எல்லாம் நான் கேட்டபடியே. கரண்டியைத் தாடைக்குக் கீழே கொண்டுபோனார். "கிறிஸ்துவின் திருவுடல்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் எழுந்து கட்டிலைச் சுற்றி, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒண்டிப் போய்க் கரண்டியை நீட்டினார். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். உதடு வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கியிருந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. ஆசை இல்லாதவள் முகம் அப்படி இருக்காது.

கரண்டியோடு நின்ற சாமியார் என்னைப் பார்த்தார். அதைத் திரும்பப் பெட்டிக்குள் ஊற்ற முடியாது, கொட்டவும் முடியாது.

"நீ வாங்கிக்கிறியாம்மா?"

என் அம்மாவுக்காக உடைத்த துணுக்கு அது. வாயைத் திறந்தேன். பொடியின் மாவு வாடை மட்டும்தான். ஆமென் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அது என் தொண்டைக்குள் சிக்கலே இல்லாமல், வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவ்வளவு சுலபம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் விழுங்கி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாமியார் அம்மாவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். "நாளைக்குச் சேனைக்காரங்க வந்தா சண்டை போடாதம்மா" என்றார். நான் நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"மறுபடி மூக்குல போட குழாய் கொண்டு வாங்க சிஸ்டர்."

"ஏன், புரையேறுதா?"

"இல்ல. முழுங்குறதில்ல."

"முடியலையா, மாட்டேங்குறாங்களா?"

"மாட்டேங்குறாங்க."

"குழாயையும் பிடுங்கிட்டாங்கன்னா என்ன செய்வே?" என்று கேட்டாள்.

அம்மாவின் இடது கை நெஞ்சின் மேல் கிடந்தது. அது பிடுங்கும் என்று எனக்குத் தெரியும்.

"வாங்க சிஸ்டர்" என்றேன். "கையைக் கட்டுறதுக்குத் துணி நான் எடுத்து வைக்கிறேன்."