முதலில் பார்ப்பவள்

கிருஷ்ணவேணி ஒரு புதிர் எழுதினால் அதை முதலில் பார்ப்பது நாச்சியார்தான். பதினோரு வருடமாக அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமை காலை வாட்ஸப் குழுவில் போட வேண்டிய புதிர், வெள்ளிக்கிழமை மத்தியானமே நாச்சியாரின் போனுக்கு வந்துவிடும். "அவிழ்த்துப் பாருடி, ஓட்டை இருந்தா சொல்லு" என்று கீழே ஒரு வரி இருக்கும். நாச்சியார் அவிழ்த்துப் பார்த்து, "நல்லாருக்குக்கா" என்று பதில் போடுவாள்.

கிருஷ்ணவேணிக்குக் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் வீடு, இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. நாச்சியார் வள்ளியூர்க்காரி; கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டன். குழுவில் மூன்றாவது ஆள் உமாசங்கர், டியூட்டோரியல் வாத்தியார். நாலாவதாக சபீனாவைக் கொண்டுவந்து சேர்த்ததும் நாச்சியார்தான்.

சபீனா தென்காசிப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இரண்டாவது மாடி. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில், கிருஷ்ணவேணி அனுப்பியிருந்த புதிரை நாச்சியார் சும்மா வாய்விட்டுப் படித்தாள். "இருளுக்குள் பாதி வியப்பு, பல காய்கள் கூடியது. நாலெழுத்து."

சபீனா கையில் எடுத்த கவளத்தை வாயில் வைக்கவில்லை. "அவியல்" என்றாள். "அல்லும் பகலும்னு சொல்லுவோம்லாக்கா, அந்த அல்லுதான் இருள். அதுக்குள்ள வியப்புல பாதி, 'விய'. அ-விய-ல்."

நாச்சியாருக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தன் ஹாஸ்டல் பெண் என்று சொல்லிக் குழுவில் சேர்த்தாள்.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் ஒன்றும் வரவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் குழுவில் கிருஷ்ணவேணியின் புதிர் வந்தது. அடியில், "நேத்தே ஓட்டையை அடைச்சுத் தந்த சபீனாக்குட்டிக்கு நன்றி" என்று இருந்தது.

நாச்சியார் அந்த வரியை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமையும் ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டு ஹாலில் சபீனா போனைப் பார்த்துத் தனக்குள் சிரித்தால், அந்தப் பக்கம் வேணிக்காதான் இருக்கிறாள் என்று தோன்றும். கடைசியில் தாங்க முடியாமல் ஒரு நோட்டீஸ் அச்சடித்துச் சுவரில் ஒட்டினாள். 'சாப்பாட்டு நேரத்தில் போன் பார்க்கக் கூடாது.' ஒருத்திக்காக முப்பத்திரண்டு பெண்களுக்குப் போட்ட சட்டம் அது.

சபீனா சட்டத்தை மீறவில்லை. போனை அறையில் வைத்துவிட்டு, பேனாவும் துண்டுக் காகிதமுமாகச் சாப்பிட வந்தாள். அந்த வியாழக்கிழமை, ஒரு பீட்சாக் கடை விளம்பரத்தின் பின்பக்கத்தில் என்னவோ கிறுக்கி, அடித்து, திரும்ப எழுதி, தட்டுக்குப் பக்கத்திலேயே மறந்துவிட்டுப் போனாள். மேசையை ஒதுக்க வந்த நாச்சியார் எடுத்துப் பார்த்தாள். கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு.

'இங்கே தாகத்துக்குக் கேட்பது, தென்காசியில் கண்டால் ஓடுவது (4)'

வெள்ளம். இங்கே பேசும் மலையாளத்தில் தண்ணீர். தமிழில் ஊரையே அடித்துக்கொண்டு போவது. பதினோரு வருடத்தில் தனக்கு ஏன் இப்படி ஒன்று வரவில்லை என்று நாச்சியாருக்கு வயிறு எரிந்தது. வேண்டாம் என்று விட்டுப்போன காகிதம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை பத்து மணிக்கு, தென்காசியை நாகர்கோவிலாக மாற்றித் தன் பெயரில் போட்டாள்.

"அடிபொளி!" என்று உமாசங்கர் குதித்தார். "இந்த வருஷத்துலயே இதுதான் மேடம்." சபீனா ஒரு கட்டைவிரல் போட்டாள். கிருஷ்ணவேணி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அரைமணி கழித்துப் போன் செய்தாள்.

"புதிரைப் பாத்தீங்களாக்கா?" என்றாள் நாச்சியார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"வியாழக்கிழமை ராத்திரியே பாத்தாச்சு. ஊரை மட்டும் மாத்திருக்கே."

நாச்சியார் கதவைச் சாத்தினாள். "அவ சொன்னாளா?"

"அவள் ஒண்ணும் சொல்லலை. எனக்கு அனுப்பினது என் போன்ல இருக்காக்கும். எதுக்குடி இப்படிப் பண்ணினே?"

"எனக்கு ஏன் அனுப்பறத நிறுத்துனீங்க?" என்று கேட்டாள் நாச்சியார்.

"இத்தனை வருஷத்துல நீ ஒரு தப்பாவது சொல்லிருக்கியோ? எதை அனுப்பினாலும் நல்லாருக்கு, நல்லாருக்கு. அவள் முதல் தடவையே எழுத்து எண்ணிக்கை பிசகுன்னா. எனக்கு அதுதான் வேணும், கேட்டியா."

"தப்பு எனக்கும் தெரியும்க்கா. சொன்னா அனுப்ப மாட்டீங்களோன்னு இருந்துட்டேன்."

"நன்னாருக்கு" என்று சொல்லி கிருஷ்ணவேணி போனை வைத்தாள்.

நாச்சியார் மாடி ஏறினாள். சபீனா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அது உன் புதிர்" என்றாள் நாச்சியார்.

"தெரியும்க்கா."

"பிறகு ஏன் எல்லாருக்கும் சொல்லல?"

சபீனா ஒரு துப்பட்டாவை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். "நீங்க வார்டன்லாக்கா. கம்பெனிக்குப் பக்கத்துல இன்னொரு ரூம் கெடைக்கது லேசா?"

நாச்சியார் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் அவளைத் தனக்குப் போட்டியாக நினைத்து உறக்கம் கெட்டிருந்தாள். அந்தப் பெண்ணோ, இருக்கிற இடம் போய்விடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கீழே வந்ததும் குழுவில் எழுதினாள். 'இது சபீனாவின் புதிர். மேசையில் கிடந்ததை எடுத்து நான் போட்டுவிட்டேன். தப்பு என்மேல்தான்.' உமாசங்கர் என்னவோ தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். சுவரில் இருந்த நோட்டீஸை நாச்சியார் கிழித்துப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் சபீனா தன்னுடன் வேலை செய்யும் ஜினியோடு சேர்ந்து ஒரு வாடகை ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள். காரணம் நாச்சியார் கேட்கவில்லை. குழுவில் மட்டும் நாலு பேரும் இருந்தார்கள்.

அடுத்து வந்த சனிக்கிழமை கிருஷ்ணவேணி போட்டாள்: 'நிறைய உறைப்பு, ஆனாலும் எப்போதும் இனிக்கும் (5).' பல காரம், பலகாரம் என்று சாயங்காலம் விடை சொன்னாள்.

நாச்சியார் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினாள். "அக்கா, இது சரியில்ல. முறுக்கு பலகாரம் இல்லையா? அது என்ன இனிக்கவா செய்யுது?"

கிருஷ்ணவேணி விடவில்லை. தீபாவளிக்கு எது பலகாரம், எது தீனி என்று அரைமணி நேரம் வாதாடினாள். அப்புறம் 'எப்போதும் இனிக்கும்' என்பதை அழித்து 'இனிக்கலாம்' என்று திருத்தினாள்.

அதற்குக் கீழே சபீனா ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். அது தோற்ற வேணிக்காவுக்கா, ஜெயித்த தனக்கா என்று நாச்சியார் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.