முஷ்டி இரண்டும் குறுக்கே

வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான் ஒரு ஜோடியின் லட்சணம் தெரியும் என்பாள் ஆர்லீன். அதனால் ஆர்கன்சா ஏரிக்கரை முகாமுக்குள் படுக்கை, அடுப்பெல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி வீடு ஒன்று புதிதாக உறுமிக்கொண்டு நுழைந்தால் போதும், ஆர்லீன் உள்பட முன்னாலேயே வந்து சேர்ந்த மூன்று ஜோடிகளும் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கையில் காகிதத் தட்டு. மார்க் போடுவதற்கு.

எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சபைகள் நடத்தும் முகாம்களுக்குப் போய் மூன்று வாரம் தங்கி, கட்டில் செய்து, கூரை மாற்றி, பெயின்ட் அடித்துவிட்டு, ஒரு காசு வாங்காமல் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவர்கள். கர்த்தருடைய வேலை என்றால் முழங்கால் வலி மறந்துவிடும். அடுத்தவரை ஓட்டுவது என்றால் இன்னும் சீக்கிரம் மறந்துவிடும்.

அன்று வந்தது நெப்ராஸ்காக்காரர்களான டெல்பர்ட்டும் வில்மாவும். முப்பத்து நாலு அடி வண்டி. டெல்பர்ட் ஸ்டியரிங்கில், வில்மா பின்னால் நின்று, மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி வழி காட்டினாள். ஏழு வருஷமாக இதே ஏற்பாடு, இதே சண்டை.

"கண்ணாடியப் பாரு டெல்பர்ட்! அம்பது வருஷமா பாத்த மூஞ்சிதான், பயப்படாம பாரு!"

"அதைப் பாக்கப் பயந்துதான் மெதுவா வர்றேன்!"

நாற்காலிக்காரர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இடது பக்கம் தண்ணீர்க் குழாய் நின்றது. வில்மா இரண்டு முஷ்டிகளையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்தாள். வண்டி ஓட்டுகிற யாருக்கும் தெரிந்த சைகை அது. நிறுத்து. ஆனால் வண்டி நிற்கவில்லை. சொகுசாக வந்து குழாயை மடக்கிப் போட்டது. தண்ணீர் கூரை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது.

தட்டுகள் எழும்பின. இரண்டு. ஒன்று. குழுத் தலைவர் கிளைட்டின் தட்டில் ஒரு பெரிய பூஜ்யம், அதற்குக் கண்ணும் வாயும் வேறு.

டெல்பர்ட் இறங்கி வந்தார். "நீ வா வான்னுதான கை காட்டுன?"

வில்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் வேறு யாரோ நிற்கிற மாதிரி அங்கே பார்த்தார். கொஞ்ச நாளாகவே இந்தப் பார்வைதான்.

"ஆமா, கை தவறிடுச்சு" என்றாள்.

ஆர்லீன் வாயைத் திறந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் டெல்பர்ட் கிளைட்டோடு குழாயைச் சரிசெய்யப் போயிருந்தார். காப்பீட்டுத் தாளைத் தேடி வில்மா ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இழுப்பறையைத் திறந்தாள். வண்டி ஓட்டுவது அவர் இலாகா. ஏழு வருஷத்தில் அந்த இழுப்பறையை அவள் தொட்டதே கிடையாது. மேலாக ஒரு கடிதம் இருந்தது, கண் மருத்துவர் எழுதியது. வலது கண்ணில் நடுப் பார்வை போய்விட்டது, இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது. தேதி அக்டோபர். இப்போது மார்ச்.

அக்டோபரிலிருந்து எத்தனை மாநிலம் என்று விரல் விட்டு எண்ணினாள். ஐந்து. பாவி மனுஷா, என்று வாய்விட்டே திட்டினாள். ஆனால் ஏன் மறைத்தார் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. வீட்டை விற்றுத்தான் இந்த வண்டியை வாங்கினார்கள். வண்டி நின்றால் மகள் ஜேனிஸ் வீட்டு நிலவறைதான் கதி. பிங்பாங் மேசைக்குப் பக்கத்தில் ஜேனிஸ் இப்போதே கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். அப்புறம் முகாம் ஏது, கிளைட்டும் ஆர்லீனும் ஏது?

அவராகவே சொல்லட்டும் என்று கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சொல்வதற்கு ஒரு இடமும் இருந்தது. தினம் காலையில் காப்பியோடு வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெப விண்ணப்பம் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஒருவருடைய உடம்பு அவருக்கு மட்டும் சொந்தமில்லை. ஆர்லீனின் இடுப்பெலும்பு, கிளைட்டின் மூத்திரப்பை எல்லாம் பொதுச்சொத்து. டெல்பர்ட் மட்டும் ஏழு வருஷமாக ஒரே பாட்டுதான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ஸ்தோத்திரம்."

மறுநாளும் அதையேதான் சொன்னார். வில்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று அவருக்குப் பிள்ளைகள் தூங்கும் அடுக்குக் கட்டில்களுக்குப் பலகை அறுக்கும் வேலை. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவர் அறுத்தால் யாரும் சரிபார்ப்பதில்லை. மதியத்துக்குள் இருபது பலகையும் தயார். சோதித்துப் பார்க்க கிளைட் மேல் கட்டிலில் ஏறிப் படுத்தார். படுத்த வேகத்தில் பலகையோடு கீழ்க் கட்டில் மெத்தையில் வந்து விழுந்தார்.

இருபதும் ஒரு அங்குலம் குட்டை.

"டெல்பர்ட்டு, மேல படுத்தவனைக் கீழ இறக்க ஏணி வேண்டாம்னு பண்ணியிருக்க போல!" என்று கிளைட் படுத்தபடியே கத்தினார்.

எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். டெல்பர்ட் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, கொட்டகைக்குப் பின்னால் அவர் தனியாக நிற்பதை வில்மா பார்த்தாள். அளவு நாடாவை ஒரு பக்கமாகப் பிடித்து, கோழி புழுவைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இவர் வாய் திறப்பார் என்று காத்திருந்தால் ரோட்டில் யாராவதுதான் சாவார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை டெல்பர்ட் தன் ஸ்தோத்திரத்தைச் சொல்லி முடித்ததும் வில்மா கை தூக்கினாள்.

"எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு. எழுபத்தோரு வயசுல எங்க வண்டிய ஓட்டக் கத்துக்கப் போறேன். எனக்காக ஜெபிக்க வேண்டாம். ரோட்டுல எதிர்ல வர்றவங்களுக்காக ஜெபிங்க."

ஒரே சிரிப்பு.

"கார் ஓட்டுறது பத்தாதா? இப்ப என்ன அவசரம்?" என்றார் டெல்பர்ட்.

"அக்டோபர்லயே ஆரம்பிச்சிருக்கணும். அஞ்சு மாசம் தாமதமாயிடுச்சு."

டெல்பர்ட் காப்பிக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தார். கிளைட் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னபோதுகூட அவர் நிமிரவில்லை.

வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் வில்மா பிடித்துக்கொண்டாள். "அஞ்சு மாநிலம் டெல்பர்ட்! ஒரு குழந்தை குறுக்க ஓடி வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? கர்த்தருக்கு ஊழியம் பண்ணுறேன்னு அவரையேவா சோதிச்சுக்கிட்டு இருந்த?"

"தப்புதான் கண்ணு. தப்புதான். அந்த நிலவறையை நினைச்சாலே..." சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். இரண்டு பேரும் அழுதார்கள்.

அழுது முடித்ததும் வாத்தியார் வாத்தியாராகிவிட்டார். "மூணு வாரம் முடியும்போது இதே இடத்துல குழாயில படாம வண்டியப் போடணும். போட்டுட்டா அடுத்த முகாமுக்கு, மிசௌரிக்கு, நீ ஓட்டு. பட்டுச்சுன்னா அன்னிக்கே ஜேனிஸுக்கு போன் பண்ணிடுவோம். ரோட்டுல நம்மளால ஒரு உயிர் போகக் கூடாது."

தினம் வேலை முடிந்ததும் விளையாட்டு மைதானத்தில் காலி பெயின்ட் டப்பாக்களை நிறுத்தி வைத்துப் பயிற்சி. முதல் வாரத்தில் பதினோரு டப்பா நசுங்கியது. நசுங்கிய டப்பாக்களின் ஆத்துமா சாந்திக்காக கிளைட் காலை ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பகலில் இருபது புதுப் பலகைகளை வில்மா அளந்து சொல்ல, டெல்பர்ட் அறுத்தார்.

கிளம்பும் நாள் வந்தது. நாற்காலிகள் வந்துவிட்டன, தட்டுகளும் வந்துவிட்டன. வில்மா ஸ்டியரிங்கில் ஏறினாள். கண்ணாடியில் பார்த்தாள். மஞ்சள் மேலங்கி டெல்பர்ட்டுக்குத் தொப்பையில் பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது. அவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. புதுக் குழாயை ஒட்டி, வண்டிக்கும் அதற்கும் நடுவே நின்றார். ஒரு கை குழாயின் மேல் இருந்தது, இன்னொரு கை வா வா என்றது. எட்ட நின்றால் குழாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் தொட்டுக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஐயோ, நகந்து நில்லுய்யா!" என்று ஆர்லீன் அலறினாள்.

அவர் நகரவில்லை. இனி குழாயில் இடிக்க வேண்டுமென்றால் முதலில் புருஷனை இடிக்க வேண்டும். வில்மா ஒவ்வொரு அங்குலமாக விட்டாள். அவர் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். இடுப்பைக் குழாயில் சாய்த்துக்கொண்டு இரண்டு முஷ்டிகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தார். வண்டி அந்த நொடியே நின்றது. அவருக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு அடி இருந்தது.

வில்மா இறங்கி ஓடினாள். "அறிவிருக்கா உனக்கு? அங்க போயா நிப்பாங்க?"

"ஏழு வருஷம் நீ நின்னியே. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் நீ நல்லாத்தான் கை காட்டின" என்றார் டெல்பர்ட். குழாய் உடைந்த அன்றைக்கும் முஷ்டியைத்தான் காட்டியிருப்பாள் என்று அவருக்கு எப்போதோ புரிந்திருக்க வேண்டும்.

கைதட்டல் கேட்டு அவர் நாற்காலிகளின் பக்கம் திரும்பினார். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டார்.

"தட்டுல என்ன போட்டிருக்கீங்க? எனக்குத் தெரியல. கொஞ்ச நாளாவே கண்ணு தெரியல. நாளைக்குக் காலை ஜெப நேரத்துல நாங்க ரோட்டுல இருப்போம், அதனால என் விண்ணப்பத்தை இப்பவே சொல்லிடுறேன்."

நாற்காலிகளில் யாரும் சிரிக்கவில்லை. கிளைட் தொப்பியைக் கழற்றினார்.

தட்டுகளில் இருந்தது எட்டு, ஏழு, ஏழரை. வில்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "மூணுலயும் பத்து."

ஆர்லீன் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, எண் தெரியாதபடி தன் தட்டைத் திருப்பிப் பிடித்தாள்.