மருமகள் அழாத நாட்கள்

மாமனார் போய்ச் சேர்ந்த அன்று மருமகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாவுக்கு வந்தவர்கள் பிணத்தைப் பார்த்ததைவிட அவள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குக் 'கல்லு' என்று பெயர். வைத்தவள் மாமியார். நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவாள்; அந்த அம்மாளுக்குப் புறம் பேசும் கெட்ட பழக்கம் கிடையாது.

கல்லுவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலை. கண்ணில் மண் விழுந்தாற்போல நாள் முழுக்க உறுத்தும். பஞ்சுத் தூசி என்றார்கள் பட்டறையில். அவளும் நம்பினாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு அறுபது தடவைதான் துடித்தது. குறைந்தது நூற்றிருபது துடிக்க வேண்டுமாம். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், மிஷினில் ஏதும் பழுதா என்று கேட்டான். மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் கல்லுவைப் பார்த்து, "கண்ணு, வாய் எல்லாம் காஞ்சு போகுதாம்மா? கடைசியா எப்ப அழுதீங்க?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று நாலு வருஷமாகக் காத்திருந்தவள்.

"இவளா அழுவா? கல்யாணமாகி பொறந்த வீட்ட விட்டு வரும்போது அழல. எம் புருஷன் செத்தப்ப அழல. சரி, இவ அப்பன் செத்தப்பவாவது? முகத்தக் கோணிக்கிட்டு நின்னா, அவ்வளவுதான். போன மாசம் ரெண்டு கிலோ வெங்காயம் உரிச்சா, டாக்டர். அடுத்த ரூம்ல நான் அழுவுறேன், இவ கண்ணக்கூடச் சிமிட்டல!"

டாக்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டார். மாமியார் தேதியே சொன்னாள். பெற்ற தாய்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க மாட்டாள். வன்மத்துக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, அவளுடைய கண்ணீர்ச் சுரப்பிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதுவே தொப்புள்கொடி வழியாகப் போய், குழந்தையின் இதயத்தைத் துடிக்கவைக்கும் கரண்ட் பாதையையும் கெடுத்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை. கெட்டது கெட்டதுதான், சரியாகாது என்றார் டாக்டர். வாராவாரம் ஸ்கேன், பிறந்ததும் பேஸ்மேக்கர், அடுத்த குழந்தை என்றால் முன்கூட்டியே மாத்திரை, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆயுசுக்கும் பரிசோதனை.

"எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் இல்ல" என்றாள் மாமியார். பிறகு வீடு வரும்வரை அவள் பேசவே இல்லை. பழக்கமில்லாததால் கல்லுவுக்குப் பயமாக இருந்தது.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்பதாம் மாதம் ஐம்பதைத் தொட்டதும் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, பால் கொடுக்கலாம் என்றார்கள்.

கல்லு கொடுக்க மாட்டேன் என்றாள். நர்ஸ் சொன்னாள், கணவன் கெஞ்சினான், டாக்டரே வந்து விளக்கினார். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என் ஒடம்புல ஊறுறதுதானே அத்தை? உள்ள இருக்கும்போதே அத நான்தான் கெடுத்தேன். இன்னமும் குடுக்கணுமா?"

"ஆமா, நீதான் கெடுத்த" என்றாள் மாமியார்.

"அம்மா!" என்று பதறினான் மகன்.

"நீ சும்மா இருடா." அவள் மருமகள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சா கெடுத்த? நானும்தான் நாலு வருஷமா ஒண்ணும் தெரியாம உன்ன வஞ்சேன். ரெண்டு பேரும் அப்புறமா உக்காந்து வருத்தப்படலாம். பாலுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் மூணு தடவ சொல்லியாச்சு. புள்ளைக்கு இப்ப பசிக்குது."

சொல்லிக்கொண்டே குழந்தையைத் தூக்கி, தையலில் படாமல் அவள் மார்போடு சேர்த்து வைத்தாள். குழந்தைக்குத் தன் தாயிடம் எந்தச் சந்தேகமும் இல்லை. பிடித்துக்கொண்டு குடித்தது.