மூன்றாம் ஓலை

ஷிபு சொன்ன நேரத்துக்கு ஓரிடத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. இது தெரிந்தும், அவன் வருவான் என்பதை நம்பித்தான் ஷீஜா இன்னொருவனோடு கல்யாணத்துக்குச் சம்மதித்திருந்தாள். கேட்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சாலைக் கடைவீதியில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் அவளுக்குப் பில் போடும் வேலை. ஷிபுவுக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. பழகி ஆறு வருஷம். மனசு வந்தால் தம்பானூருக்கு வந்து ஒரு காபி வாங்கித் தருவான். வராவிட்டால் மாதக்கணக்கில் போனை எடுக்கமாட்டான். காபி குடிக்கும்போதும் ஒரு கண் போனில்தான் இருக்கும். மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணுக்காக அவள் வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தாள், வீட்டில் வாய் கூசாமல் பொய் சொன்னாள். பைத்தியம் பிடிப்பது என்றால் இதுதான்.

கடைசியில் அப்பா தாசையன் பொறுமையிழந்து ஜெயனைப் பேசி முடித்தார். பாறசாலைக்காரன், மின்சார ஆபீசில் வேலை, அதிர்ந்து பேசாதவன். ஷீஜா ஷிபுவிடம் ஓடினாள்.

அவன் சிரித்தான். "கல்யாணத்துக்கு முந்தி சர்ச்சில ஓலை வாசிப்பாங்கல்லா? தடை உண்டுண்ணா சொல்லுங்கண்ணு கேப்பாங்க. நான் வந்து எழும்பி நிப்பேன், கேட்டியா. நீ பேசாம சம்மதிச்சுக்கோ."

விளையாட்டா மெய்யா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவளோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டில் தலையாட்டிவிட்டாள்.

கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும் என்பது சபை வழக்கம். முதல் ஞாயிறு அவனுக்குத் தலைவலி. இரண்டாவது ஞாயிறும் வராமல், "மூணாவதுதானே கணக்கு" என்றான். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணக் கனவு என்று கடைப் பெண்கள் கேலி செய்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் ஷிபு உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, புதிதாக வெட்டிய முடி. வந்துவிட்டான், சொன்னபடி வந்துவிட்டான். ஷீஜா முன்வரிசையில் இருந்த அப்பாவின் முதுகைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

போதகர் ஓலையைப் படித்து முடித்தார். "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கவேண்டும். இது மூன்றாம் ஓலை."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஷிபு எழுந்தான்.

அவனைத் தனியாக நிற்க விடக்கூடாது என்று அவளும் எழுந்தாள். கல்யாணப் பெண்ணே எழுந்து நிற்பதை அந்தச் சபை கண்டதில்லை. பெண்கள் பக்கம் முழுவதும் தலைகள் திரும்பின. போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன மோளே?"

அவள் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். ஷிபு போனைக் காதில் வைத்தபடி, குனிந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தான்.

அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். தலைசுற்றல் என்றிருந்தால் சபையே நம்பியிருக்கும். ஆனால் ஆறு வருஷமாக அவனுக்கும் சேர்த்துத் தானே யோசித்துப் பழகியவள், அன்றைக்கும் அவனுக்கும் சேர்த்துத் தானே பேசினாள்.

"எனக்கு இந்தக் கல்யாணத்தில சம்மதமில்ல, அய்யா."

தாசையன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் கவிழ்த்துக்கொண்டார். அதைக் கண்டதும் ஷீஜாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே மாமரத்தடியில் ஷிபு பேசி முடித்திருந்தான். "மேனேஜரு. எடுக்காம முடியாது. உள்ள வாசிச்சாச்சா?"

"ஆச்சு."

"சே." அவன் முகத்தில் மெய்யான வருத்தம் கொஞ்சம் தெரிந்தது. வண்டிச் சாவியை எடுத்தான். "சாரமில்ல, விடு. கல்யாணத்துக்குக் கண்டிப்பா வாறேன்."

உள்ளே அப்பா என்ன பாடுபடுகிறாரோ என்று அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயனுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்றும் தெரியவில்லை.

"கண்டிப்பா வரணும்" என்றாள்.

அவன் வருவதாகச் சொன்னது, அந்த நிலையிலும், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.