ஆளுக்கொரு துடுப்பு

பதின்மூன்று மாதமாகப் பிரதீஸ் தன் மனைவியிடம் எதையும் கேட்டதில்லை. வத்தேகம வளைவில் முச்சக்கரவண்டி புரண்டு வலது தோளின் நரம்பு அறுந்து அந்தக் கை விளங்காமல் போன நாளிலிருந்து, தேத்தண்ணி வேண்டுமென்றுகூட வாய் திறக்கவில்லை. அதனால்தான் அந்தப் பங்குனி ஞாயிறு காலை, "பாய்ப் படகுல ஒரு சுத்து போவமா, யசோ? கயிறப் புடிக்க ஒரு ஆள் வேணும்" என்று அவன் கேட்டபோது, நீச்சல் தெரியாத யசோதினி மறுபேச்சில்லாமல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள்.

விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலிருந்த ஒரு ஹோட்டலில் எட்டு வருடம் படகோட்டியாக இருந்தவன் அவன். இப்போது அங்கேயே வாசலில் வாகன நம்பர் எழுதுகிறான். படகுகளைப் பார்த்துக்கொள்ளும் ரஸீன்தான் சின்னப் பாய்ப் படகின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான்.

போகும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. பிரதீஸ் இடது கையால் சுக்கானைப் பிடித்தான். அவன் சொல்லச் சொல்ல யசோதினி பாய்க்கயிற்றை இழுத்தாள், விட்டாள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு படகு சாய்ந்தபோது அவள் பலகையை இறுக்கிப் பிடித்தாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பைப் பார்த்ததும் பயம் போய்விட்டது.

நடு நீருக்கு வந்ததும் காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கியது. கால் மணி, அரை மணி பார்த்தார்கள். ஒரு இலை அசையவில்லை.

"ரஸீனுக்குக் கோல் எடுக்கவா?" என்று யசோதினி போனைக் கையில் எடுத்தாள்.

"எடு" என்றான். முகம் மறுபடி பழைய முகமாகிவிட்டது.

ரஸீன் கட்டுகஸ்தோட்டையில் இருந்தான். எஞ்சின் படகுக்குச் சாமான் வாங்கப் போனவன். வர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றான்.

யசோதினி படகின் அடியில் கிடந்த இரண்டு துடுப்புகளையும் எடுத்து வளையங்களில் மாட்டினாள். கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வலித்தாள். ஒன்று ஆழத்தில் மாட்டிக்கொண்டது. இன்னொன்று காற்றை அடித்து அவன்மேல் தண்ணீரை வாரி இறைத்தது. படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. அவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

"தள்ளி உக்காரு" என்றான் பிரதீஸ்.

அவளுக்கு இடப்பக்கம் வந்து அதே பலகையில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு துடுப்பைப் பிடித்தான். "ஒன்னுன்னா குனி. ரெண்டுன்னா இழு."

இழுத்தார்கள். அவன் இழுப்பு பலமாக இருந்ததால் படகு அவள் பக்கமே திரும்பியது.

"நான் கொறைச்சுக்கிறேன்."

"கொறைக்காதீங்க. நான் கூட்டிக்கிறேன்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எண்ணத் தொடங்கினான். அவளுக்கு உள்ளங்கை எரிந்தது, முதுகு விண்ணென்றது. ஆனால் ஐம்பது அறுபது இழுப்புக்குப் பிறகு படகு நேராகப் போக ஆரம்பித்துவிட்டது. வாயால் எண்ணுவதை எப்போது நிறுத்தினான் என்று இருவருக்குமே தெரியவில்லை.

முதல் வண்ணத்துப்பூச்சி அவர்கள் தலைக்கு மேலாகப் போனது. வெளிர் மஞ்சள். பின்னால் இரண்டு. பின்னால் ஏழெட்டு. யசோதினி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

நீரின் அகலம் முழுக்க அவை வந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு முழ உயரத்தில், ஆயிரம் ஆயிரமாக, துளிச் சத்தமில்லாமல். கீழே கண்ணாடி மாதிரிக் கிடந்த தண்ணீரில் இன்னொரு கூட்டம் தலைகீழாகக் கூடவே பறந்தது. எது பூச்சி, எது நிழல் என்று பிரிக்க முடியவில்லை.

"துடுப்பத் தூக்கு, அடிபட்டுரும்" என்று பிரதீஸ் கிசுகிசுத்தான். இருவரும் தூக்கிப் பிடித்தார்கள். நுனியிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

சிவனொளிபாத மலையைக் கும்பிடத்தான் இவை போகின்றன என்று தேயிலைத் தோட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறாள். வேலைக்குப் போகும் வழியில் நாலைந்து பறந்தால் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இப்போது அவை அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போயின. தொங்கிய பாயில் நூறு, இருநூறு என்று அமர்ந்து சிறகை மூடித் திறந்தன; அந்த வெள்ளைத் துணி மூச்சு விடுவது போலிருந்தது. இத்தனை சின்ன உயிர்கள், கால் வைக்க இடமில்லாத இவ்வளவு பெரிய தண்ணீரை நம்பி எப்படி இறங்கின? அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. துடுப்பை விட முடியவில்லை.

"உங்க கையில" என்றாள் மெதுவாக.

மடியில் கிடந்த அவன் வலது கையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. பிரதீஸ் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"உக்காந்தது தெரியலடி" என்றான். "ஒன்னுமே தெரியல. ஆனா பாரேன்..." என்று சிரித்தான். கண்ணில் நீர் வழிந்தது. அவள் பார்க்க அவன் அழுதது அதுதான் முதல் தடவை, விபத்தன்றுகூட அழவில்லை.

கூட்டம் கடந்து முடிய இருபது நிமிடம் ஆயிற்று. பாயிலிருந்தவையும் ஒவ்வொன்றாக எழுந்து போயின. காற்று வரவே இல்லை. மீதி முக்கால் மைலையும் அவர்கள் வலித்தே கடந்தார்கள்.

ரஸீன் அப்போதுதான் வந்து கரையில் நின்றுகொண்டிருந்தான். "அல்லாஹ்! ரெண்டு பேருமா வலிச்சிட்டு வாறீங்க?"

யசோதினி கொப்புளம் கட்டிய உள்ளங்கைகளை நீருக்குள் விட்டாள், சில்லென்றிருந்தது.

பிரதீஸ் படகை இடது கையால் மேலே இழுத்துக்கொண்டே கேட்டான்: "அடுத்த ஞாயிறும் இது சும்மாதானே கெடக்கும், மச்சான்?"