காலை எட்டரைக்கு ஒரு வாங்கு

பெருநாள் முடிந்து பத்து நாளாகிவிட்டது. இப்றாஹீம் மட்டும் இன்னும் றமழானிலேயே இருந்தார்.

"பள்ளியில வாங்கு சொல்லாம எப்படி வாயில வைக்கிற? நோன்பு முறிஞ்சிரும்" என்று ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டார்.

அவர் மனைவி ஸிஹாமா கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழரைக்கே அவருக்கு இன்சுலின் போட்டுவிட்டாள். கைப்பழக்கம்! மனிதர் சாப்பிடுவாரா என்று பார்த்துவிட்டு ஊசியை எடுத்திருக்க வேண்டாமா, மடச்சி? இப்போது எட்டரை. பதுளைக் குளிரிலும் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது, விரல்கள் நடுங்கின. சீனித் தண்ணீரைப் புகட்டப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

போன மாதம் டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார். உடம்புக்குக் காவலாக இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் மூளையின் மெல்லிய குழாய்களில் ஒட்டிக்கொள்கின்றனவாம். குழாய்ச் சுவர் அழன்று வீங்குகிறதாம், இரத்தம் சரியாகப் போவதில்லையாம். "இந்த மறதி நோய்க்கு இதுவும் ஒரு காரணம்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. சீனியக் கவனமாப் பாத்துக்கங்க" என்றார். காவல்காரனே வீட்டை உடைத்தால் யாரிடம் போய் முறையிடுவது? நாசமாய்ப் போன அணுக்கள்!

திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். போனில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் வாங்கைத் தேடிப் போட்டாள். யா அல்லாஹ், பொய் வாங்கு! தவ்பா செய்து பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், முதலில் மனிதர் பிழைக்கட்டும்.

இப்றாஹீம் முகம் மலர்ந்தது. பேரீச்சம்பழத்தை எடுத்தவர் அவளிடம் நீட்டினார்.

"நீ முதல்ல நோன்பு திற."

அவள் உண்மையிலேயே நோன்பு. பெருநாளுக்குப் பிந்திய ஆறு நோன்பில் அன்று மூன்றாவது. அதுவும் இவர் சுகப்பட வேண்டுமென்று துஆக் கேட்டுப் பிடித்த நோன்பு. அவள் யோசிக்கவே இல்லை, வாங்கி வாயில் போட்டாள். அவரும் தின்றார், சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியை மடமடவென்று குடித்தார்.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்பாடா என்று ஸிஹாமா சுவரில் சாய்ந்து அழுதாள். அவர் எழுந்து போய்த் திரையை விலக்கினார். வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது. கீழே பாதையில் மடுல்சீமை பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

வெயிலைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்பது வருடம் அவளுக்குப் பழகிய, தெளிவான பார்வை. அதைக் கண்டதும் அவள் போனை முந்தானைக்குள் மறைத்தாள்.

"காலையிலயா நோன்பு திறந்தேன்? எனக்குத் தெரியவே இல்லையே, ஸிஹாமா" என்றார். குரல் உடைந்தது. "பயமா இருக்கு, புள்ள. நாளைக்கும் நான் சாப்பிட மாட்டேன்னு சொன்னா வாங்கு போடு. நம்பிருவேன்."